ஆறு மாதத்துக்கு வந்த அமெரிக்கர்

என் நண்பன் ஒருவன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கிறான். திருச்செங்கோட்டுக்காரன். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. அப்புறம் அவன் கம்ப்யூட்டர் பக்கம் போனான், நான் பி.காம். பக்கம் வந்தேன். இந்த ஒரு வாக்கியத்திலேயே எங்கள் இரண்டு பேர் பாங்க் பாலன்ஸும் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சனிக்கிழமை ஆனால் போதும், வாட்ஸப்பில் 'டொக்' என்று ஒரு போட்டோ வந்து விழும். ஒரு வாரம் ஸ்ட்ராஸ்பூர்க் மாதாகோயில் வாசலில் நிற்பான். அடுத்த வாரம் ஸூரிச் ஏரிக்கரை. கீழே ஒரு வரி. 'மாப்ள, காலை காபி ஜெர்மனி, மத்தியானச் சாப்பாடு பிரான்ஸ். பாஸ்போர்ட்டை ஒருத்தன்கூடக் கேக்கலைடா!'

எல்லாம் ஷெங்கன் ஒப்பந்தத்தின் உபயம். 1985-ல் கையெழுத்தாகி, 1995-ல் அமலுக்கு வந்தது. இங்கே நான் ராசிபுரம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, 'ஹெல்மெட் எங்கே?' என்கிறார்கள்.

சரி, சனிக்கிழமை கதை இப்படி. மற்ற நாள்? அதைப் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டான். ராத்திரி போன் பண்ணினால்தான் வெளியே வரும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க் மாதிரி சிலது திறந்திருக்கும், மற்றபடி ஊரே கதவடைப்பு. சனிக்கிழமையே பால் வாங்க மறந்தால் திங்கட்கிழமை வரை கடுங்காபி. ஞாயிறு அன்று வீட்டில் டிரில்லிங் மெஷின் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும் என்று பை நிறைய பாட்டிலோடு க்யூவில் நிற்க வேண்டும்.

அவன் ஆபீசில் அடுத்த ஸீட்டில் ஒரு அமெரிக்கர். அவரும் அதே பையோடு அதே க்யூவில்தான். ஒருவர் டெக்ஸாஸ், ஒருவன் திருச்செங்கோடு. இரண்டு பேரும் ஜெர்மன் பாஷையில் தடங்கல் இல்லாமல் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்று. 'மன்னிக்கணும், எனக்கு ஜெர்மன் தெரியாது.'

"நாலு வருஷமாச்சேடா, கத்துக்கலாமே?" என்றேன் ஒரு நாள்.

"நீ பெங்களூர்ல நாலு வருஷம் இருந்தியே, கன்னடம் கத்துக்கிட்டியா?" என்றான்.

லைன் கட்டாகிவிட்டது. நான்தான் கட் பண்ணினேன்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே வெளிநாடு பெங்களூர்தான். 2012-லிருந்து 2016 வரை. ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை, மடிவாளாவில் ஒரு மாடி ரூம். மடிவாளா எதற்கு என்றால், அங்கேதான் சேலம் பஸ் நிற்கும். வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே என் மனசு பஸ் ஏறிவிடும். ஆறு மணிக்கு உடம்பு ஏறும். சில்க் போர்டு நெரிசல், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், ஓசூர், கிருஷ்ணகிரி. தர்மபுரி வருவதற்குள் தூக்கம். தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் பிரேக் போடுகிற தினுசிலேயே முழிப்பு வந்துவிடும். இறங்கினால் ஓமலூர், அப்புறம் நம்ம ஊர். ராத்திரி ஒரு மணிக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தால்தான் அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். ஞாயிறு ராத்திரி மறுபடி அதே பஸ். பையில் அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, தட்டுவடை செட்டுக்கு வேண்டிய தட்டுவடை ஒரு பொட்டலம். திங்கட்கிழமை விடியற்காலம் மடிவாளா. குளித்துவிட்டு ஆபீஸ்.

இப்படியே சுமார் இருநூறு வாரம். கணக்கு எழுதுகிறவன், அதனால் கணக்குப் போட்டேன். போக ஒரு இருநூறு கிலோமீட்டர், வர ஒரு இருநூறு கிலோமீட்டர். மொத்தம் எண்பதாயிரம் கிலோமீட்டர். பூமியை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கலாம். நான் பார்த்ததெல்லாம் தொப்பூர்.

பெங்களூரில் நான் சுற்றிப் பார்த்தது லால்பாக் மட்டும். அதுவும் ஒரு பெண் பார்க்கிற விஷயமாக. (அந்தப் பெண் வேறு ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டது. லால்பாக் அப்படியே இருக்கிறது.)

வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயசு இருக்கும். கன்னடம் தவிர வேறு பாஷை தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது கோலம் போட்டுக்கொண்டிருப்பார். தலை நிமிர்ந்து, "ஏனப்பா..." என்று ஆரம்பித்து ஏதோ கேட்பார். அதில் 'ஊட்டா' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபடும். பெங்களூர் போன எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது, 'ஊட்டா ஆய்தா?' என்றால் சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நானும் பெரிய பண்டிதன் மாதிரி, "ஆயித்து, ஆயித்து" என்று தலையாட்டிவிட்டு ஓடிவிடுவேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். கிழவிக்கு மூட்டுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

2016-ல் ரூமைக் காலி பண்ணுகிற அன்று, கீழே மளிகைக் கடை வைத்திருந்த ஓசூர்க்காரர் சாமான் ஏற்ற ஒத்தாசைக்கு வந்தார். அந்த அம்மா அவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க சொல்றாங்க?"

"உங்களை ஒரு ஞாயித்துக்கிழமையாவது இங்கயே தங்கச் சொல்லி, எங்க வீட்ல சாப்பிடுப்பான்னு நாலு வருஷமா கூப்பிட்டாங்களாம். நீங்க ஒவ்வொரு தடவையும் 'ஆச்சு, ஆச்சு'ன்னுட்டுப் போயிட்டீங்களாம்."

எனக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வந்துவிட்டேன்.

இப்போது சேலத்தில் இருந்துகொண்டு நாலு சின்ன முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் இப்படிப் பத்திரிகைகளுக்கு. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை, ஒரு லாரி பாடி கட்டுகிற பட்டறை இரண்டும் என் கணக்கில். (முட்டைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நாமக்கல்லில் என்னை மாதிரி ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யாரும் யோசிப்பதில்லை.)

பட்டறையின் சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டினால் முன்பெல்லாம் முத்துசாமி, பழனிசாமி என்று இருக்கும். இப்போது பாதிப் பக்கம் பீகார், ஒடிசா, ஜார்கண்ட். கோழிப்பண்ணையிலும் அதேதான். தீவனம் போடுவது, முட்டை பொறுக்குவது எல்லாம் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிற வடக்கத்தி ஆட்கள். அந்த வேலைக்கு நம் பையன்கள் வருவதில்லை. வர வேண்டாம், அவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

பட்டறையில் வெல்டிங் பண்ணுகிற ஒரு ஒடிசாப் பையன். பெயர் ரிஜிஸ்டரில் இருக்கிறது, இங்கே வேண்டாம். இருபத்திரண்டு வயசு. மேற்கு ஒடிசாவில் டிட்லாகர் பக்கம் ஊர். ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகிற எக்ஸ்பிரஸ்ஸில் சேலத்தில் ஏறினால் மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் அவன் ஊர் வரும். என்னை மாதிரி வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற கதையெல்லாம் அவனுக்கு நடக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை போனால் பெரிசு.

ஒரு சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்து நான் கிளம்பும்போது கேட்டான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க போவாங்க?"

"நீ எங்கே போவே?"

"ஹனுமான் கோயில். அப்புறம் ரூம். தூங்குவேன்."

நாமக்கல் ஆஞ்சநேயரைச் சொல்கிறான். பதினெட்டு அடி உயரம், தலைக்கு மேல் கூரை இல்லாமல் நிற்கிறாரே, அவர்தான். அந்த ஊரில் பாஷை கேட்காமல் அவன் பேச்சைக் கேட்கக்கூடிய ஒரே ஆள்.

எனக்கு மடிவாளா மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது. "நாளைக்கு சேலம் வா, ஏற்காடு போலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற யோசனை வந்தது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. "ஏங்க, அந்தப் பையனுக்கும் சேர்த்து எலுமிச்சஞ்சாதம் கட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நாமக்கல்லிலிருந்து முதல் பஸ் பிடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஏழரை மணிக்கே வந்து நின்றான். நான், என் எட்டு வயசுப் பையன், அவன். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு இரண்டு பேருக்கும் சண்டை. ஒடிசா விட்டுக்கொடுத்தது.

அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் போகும்போது ஒரு பழைய வளைவு வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' வளைவு. வாசல் மட்டும் இருக்கிறது, உள்ளே ஸ்டூடியோ இல்லை. வீடுகள் வந்துவிட்டன.

"அண்ணா, கேட் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றான் பையன்.

"இங்கே ஒரு அமெரிக்காக்காரர் வேலை பார்த்தார்டா. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. தமிழ்ப் படம் எடுத்தார்" என்றேன்.

இரண்டு பயல்களும் ஜன்னலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அப்புறம் மலையடிவாரம் வரை நான்தான் பேசினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 1909-ல் பிறந்தவர். கலிபோர்னியாவில் சினிமாப் படிப்புப் படிக்கும்போது கூடப் படித்தவர் மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியர். 'எங்க ஊருக்கு வா, படம் எடுக்கலாம்' என்று கூப்பிட்டார். 1935-ல் டங்கன் கப்பல் ஏறினார். ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் உத்தேசம். திரும்பியது 1950-ல். பதினைந்து வருஷம்!

வந்த இடத்தில் டாண்டன் 'நந்தனார்' எடுத்துக்கொண்டிருந்தார். கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு நடித்ததாக ஊரே வாய் பிளந்த படம். அதில் டங்கன் ஒத்தாசை. அதற்குள் டாண்டனைத் தேடி இன்னொரு படம் வந்தது. அவருக்கு நேரமில்லை, நண்பனைக் கைகாட்டிவிட்டார். அதுதான் 1936-ல் வந்த 'சதி லீலாவதி'. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. குடியினால் கெட்டு, கொலைப்பழிக்குப் பயந்து, கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகப் போய்ச் சேர்கிற ஒருவனுடைய கதை. பிழைக்கப் போன இடத்தில் ஒரு அமெரிக்கர் எடுத்த முதல் தமிழ்ப் படம், பிழைக்கப் போன ஒரு தமிழனைப் பற்றி. அதில் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் ஒரு ஒல்லிப் பையன் வருவான். முதல் படம் அவனுக்கு. எம்.ஜி.ஆர்.

தமிழ் தெரியாமல் எப்படி எடுத்தார் என்பதுதானே உங்கள் கேள்வி? கதையையும் வசனத்தையும் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார். பக்கத்தில் பாஷை தெரிந்த உதவியாளர்கள் நிற்பார்கள். அவர் பார்ப்பது நடிக்கிறவர் முகத்தை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் என்றால் நாடக மேடைக்கு எதிரே காமிராவை ஆணியடித்து வைத்த மாதிரி இருக்கும். இவர் காமிராவை நகர்த்தினார், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 1937-ல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் வாசனை அடிப்பது தற்செயல் இல்லை. இளங்கோவன் வசனம் எழுத, காதல் காட்சிகளுக்கு அங்கேயிருந்து சரக்கு எடுத்துக்கொண்டார்கள்.

'மீரா' விஷயம் இன்னும் சுவாரஸ்யம். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து 1945-ல் வந்தது. எம்.எஸ். முகத்தின் மாதிரியில் மார்பளவு பிளாஸ்டர் சிலை ஒன்றைச் செய்யச் சொன்னார் டங்கன். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு உட்கார்ந்து, அந்தச் சிலைக்கு இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் விளக்கு என்று மாற்றி மாற்றி வைத்துப் படம் எடுத்துப் பார்த்து, எந்த வெளிச்சத்தில் அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பாடம் பண்ணிக்கொண்டுதான் நிஜ ஆளைக் காமிரா முன் நிறுத்தினாராம். பாட்டின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. பாடுகிற முகத்தின் அர்த்தம் அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

கடைசியாக அவர் வந்து சேர்ந்த இடம் சேலம். மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் இருக்கிறாரே, அவரே ஒரு தனிக் கட்டுரைக்கு வேண்டிய ஆள். திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பம். நெசவுப் படிப்புக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் போனவர். படிப்போடு கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணையும் மணந்துகொண்டு திரும்பினார். ஊருக்கு வந்து நெசவாலை கட்டுவார் என்று பார்த்தால், 1935-ல் சினிமா ஸ்டூடியோ கட்டினார். அதையும் ஆலை மாதிரிதான் நடத்தினார். மணியடித்தால் வேலை, மணியடித்தால் சாப்பாடு. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' சேலத்தில்தான் தயாரானது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமாக இந்த வளைவு வழியாகத்தான் வெளியே வந்தது. ஜெர்மன்காரர்கள்கூட இங்கே காமிரா பிடித்திருக்கிறார்கள். என் நண்பனுக்கு இதைச் சொன்னேன். 'அப்போ அவங்க இங்க வந்ததுக்கு நான் அங்க போனது பதிலுக்குப் பதில்' என்றான்.

டங்கன் சேலத்துக்காகச் செய்தது இரண்டு படம், இரண்டும் 1950-ல் வந்தவை. பாரதிதாசனின் காவியத்தை வைத்து 'பொன்முடி'. அதில் காதல் காட்சிகள் ரொம்ப நெருக்கம் என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்தார்கள். அமெரிக்காக்காரன் புத்தி என்றார்கள். அடுத்தது 'மந்திரி குமாரி', வசனம் மு. கருணாநிதி. மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்க்கிற புருஷனைப் பெண்டாட்டி முந்திக்கொண்டு தள்ளிவிடுகிறாளே, அந்தப் படம். கதாநாயகன் எம்.ஜி.ஆர். முதல் படத்தில் இன்ஸ்பெக்டராக வந்தவர் கடைசிப் படத்தில் கதாநாயகன். அந்தப் படம் முடிவதற்குள்ளேயே டங்கன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மிச்சத்தை டி.ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார். அதனால் டைரக்ஷன் என்று இரண்டு பேர் பெயரும் உண்டு.

"அவருக்கு சம்பளம் ஒழுங்கா குடுத்தாங்களா அண்ணா?" என்றது ஒடிசா.

"குடுக்காம பதினஞ்சு வருஷம் இருப்பாரா?"

"ஊருக்கு எப்படிப் பேசுவார்?"

இதை நான் யோசித்ததே இல்லை. 1930-களில் இங்கேயிருந்து அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டால் கப்பலில் வாரக்கணக்கில் போகும். பதில் வர இன்னும் அவ்வளவு நாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிய கடிதம் வந்து சேரும்போது அம்மா எழுந்து சமையல் பண்ணிக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். பையன் தன் செல்போனை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஊர் போன டங்கன் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியேறி, டாக்குமெண்டரி எடுத்துக்கொண்டு காலம் தள்ளினார். 1994-ல், எண்பத்தைந்து வயசு வாக்கில், மறுபடி மெட்ராஸ் வந்தார். சினிமாக்காரர்கள் கூடி மரியாதை செய்தார்கள். 2001 டிசம்பரில் காலமானார். கரண் பாலி என்பவர் அவரைப் பற்றி 2013-ல் ஒரு டாக்குமெண்டரி எடுத்திருக்கிறார்.

டங்கனைப் பற்றி யாரிடம் பேசினாலும், "ஒரு வார்த்தை தமிழ் தெரியாதாமே!" என்று கண்ணை விரிக்கிறார்கள். பெருமையாகச் சொல்கிறார்கள். இதே ஆட்கள் ஓட்டலில் சப்ளை பண்ணுகிற வடக்கத்திப் பையனைப் பார்த்து, "ரெண்டு வருஷமா இருக்கான், இன்னும் தமிழ் வரலை பாரு" என்கிறார்கள். வெள்ளைக்காரர் என்றால் எக்ஸ்பாட்ரியேட். ஒடிசா என்றால் வடக்கன். நானும் சொல்லியிருக்கிறேன், தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் என் கூட பஸ்ஸில் வந்தவன் டங்கனைவிட நூறு மடங்கு தமிழ் பேசுகிறான். என் கன்னடத்தோடு ஒப்பிட்டால்... வேண்டாம், விடுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு. பதினாலாவது வளைவில் என் பையன் வாந்தி எடுத்தான். ஒடிசாதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகம் கழுவிவிட்டான். ஊரில் தம்பி இருக்கிறானாம், இதே வயசு.

மேலே போனால் ஜிலுஜிலுவென்று மூடுபனி. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வழக்கம்போல. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பகோடா பாயிண்ட், லேடீஸ் ஸீட் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் எப்போது போனாலும் ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கமும் ஒரு நடை போவேன். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கே இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியை எடுத்து, இந்த நாட்டில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டினாரே, அந்த வெள்ளைக்காரர். ரிடையர் ஆன பிறகு ஏற்காட்டில் வீடு வாங்கித் தங்கிவிட்டார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தியை இங்கே கொண்டுவந்தார்கள்.

அவரைவிட எனக்கு அவர் மாமனார் பேரில்தான் பிரியம். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். பிற்பாடு சென்னைக்கு வந்தார். தமிழ்ப் பழமொழிகளை ஊர் ஊராகப் பொறுக்கி, ஆறாயிரத்துக்கு மேல் சேர்த்து, இங்கிலீஷ் அர்த்தத்தோடு 1874-ல் புத்தகமாகப் போட்டார். நான் எண்ணிப் பார்த்தேன், எனக்கு எழுபது பழமொழிகூடத் தேறவில்லை. அந்த மனுஷர் கடைசிக் காலத்தில் வந்து 1882-ல் கண்ணை மூடியது இந்த ஏற்காட்டில்தான். ஊர் மாறி வந்தவர்களில் இப்படி ஒரு ரகம், டங்கன் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்று மடிவாளா அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சஞ்சாதத்தைப் பிரித்தோம். பையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அண்ணா, அண்ணிக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க. ஆனா காரம் பத்தலை" என்றான். ரெண்டு வருஷ நாமக்கல் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து ஊருக்கு வீடியோ கால் போட்டான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், பின்னால் செங்கல் சுவர், எட்டிப் பார்க்கிற இரண்டு மூன்று தலைகள். பையன் போனைச் சுற்றிக் காட்டினான். ஏரி, பனி, படகு, என் மகன். ஒடியா பாஷையில் என்னென்னவோ சொன்னான். நடுவில் 'சேலம்' என்பது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது, அப்புறம் 'அமெரிக்கா'. டங்கனையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

திடீரென்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அம்மா உங்ககிட்ட பேசணுமாம்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ கேட்டார். நீளமான வாக்கியம். எனக்குப் பழக்க தோஷம், தலை தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

"என்னப்பா கேக்கறாங்க? முழுசா சொல்லு."

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. அப்புறம், எங்க ஊருக்கு வந்தா எங்க வீட்லதான் சாப்பிடணுமாம். எப்ப வருவீங்கன்னு கேக்கறாங்க."

"வர்றேம்மா" என்றேன், தமிழிலேயே, கொஞ்சம் சத்தமாக. "தன்பாத் எக்ஸ்பிரஸ்லதான் வரணும். தீபாவளிக்கு அப்புறம் லீவு போட முடியுதான்னு பாக்கறேன்."

அவன் அதை ஒடியாவில் சொல்வதற்கு முன்னாலேயே அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.